முன் வரிசையில் ஒரு சாரம்

ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் தேவலை. கணுக்காலில் ஆரம்பித்த குளிர் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது, சாரம் கட்டினால் இது ஒன்றுதான் தொல்லை, காற்றுக்குக் கதவு கிடையாது, ஆனால் அதன் சுகமும் அதுதானே, சித்திரை வெயிலில் பேண்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது. யாரிடம் போய் ஏசியைக் குறைக்கச் சொல்வது. சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள், முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், இடுப்புக்குக் கீழே ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார்கள், இந்தக் கிளப் ஹவுசுக்குள் நுழைந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பார்க்கட்டும். பார்க்க வேண்டும் என்றுதானே முன் வரிசையில், நட்ட நடு நாற்காலியில், பச்சைக் கட்டம் போட்ட புதுச் சாரமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன், சந்தியாகுவுக்கு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் புத்தி வேறு எப்படிப் போகும். "பலவேசம் சார், நீங்க பின்னாடி வசதியா உக்காரலாமே" என்று சொன்னார் அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் ரகுநந்தன், மைக்கைத் தட்டிக்கொண்டே. வசதியாம். என் வசதி மேல் என்ன அக்கறை. "இங்கனயே வசதியாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டேன். சந்தியாகு வந்துவிட்டால் இன்னும் பலமாகப் பேசலாம். யோசனையே அவனுடையதுதானே. நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் வராத அந்த நீரூற்றுத் திண்டில் உட்கார்ந்துகொண்டு அவன்தான் சொன்னான், "நாளைக்கி ரெண்டு பேரும் சாரத்தோடயே போயி முன்னால உக்காருவோம் அண்ணாச்சி, நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவன் சொல்லுதான்னு பாப்போம்." எவன் சொல்லுதான்னு பாப்போம். அதைச் சொல்லும்போது தொடையில் வேறு தட்டினான்.

தீர்மானம் இதுதான், பொது இடங்களில் லுங்கி கட்டிக்கொண்டு வரக்கூடாது. லிஃப்டில் கூடாது, நடைபாதையில் கூடாது, கீழே கடையில் கூடாது. முதலில் லுங்கியும் நைட்டியும் என்று இருந்தது. நைட்டிப் பெண்கள் சேர்ந்து வந்து ஒரு சத்தம் போட்டார்கள், மறுநாளே நைட்டி போய்விட்டது, மிஞ்சினது லுங்கி. லுங்கிக்குச் சத்தம் போட ஆள் யார் இருக்கிறார்கள். இத்தனை மாடியில் நானும் சந்தியாகுவும். மற்ற ஆண்களும் வீட்டுக்குள் கட்டுகிறார்கள், எனக்குத் தெரியும், கொடியில் காய்வது பொய் சொல்லாது, ஆனால் கதவுக்கு வெளியே கால் வைத்தால் அரைக்கால் டவுசர். தொடை தெரியும் டவுசர் நாகரிகம், கணுக்கால் வரை மூடுகிற சாரம் அசிங்கம், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க வேண்டும், இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். வேலைக்கு வருகிற பெயிண்டர் யார், குடியிருக்கிறவர் யார் என்று வாட்ச்மேனுக்குக் குழப்பமாக இருக்கிறதாம். வாட்ச்மேனுக்கு ஒரு குழப்பமும் இல்லை, என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். எங்கள் பக்கம் சாரம், இங்கே லுங்கி, ராவுத்தர் கடையில் கைலி, பேர் எதுவானால் என்ன, டிப்போவில் நாளெல்லாம் கிரீசும் காக்கியுமாகக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தக் காக்கி பேண்டை உருவிப் போட்டுச் சாரத்தை உதறிக் கட்டுகிற அந்த ஒரு நொடிதான் எனக்குச் சம்பளம். பேண்ட் போட்டால் நான் இன்னொருத்தன் ஆள். சாரம் கட்டினால் நான் என் ஆள். இதை மைக்கில் சொன்னால் சிரிப்பார்களோ. மருமகள் கூடச் சொன்னாள், நல்ல பிள்ளைதான், மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, "மாமா, மெத்துனு ஒரு டிராக் பேண்ட் வாங்கித் தரட்டுமா, கீழ போறப்ப மட்டும்?" என்று. வேண்டாம்மா என்றேன். ஏன் மாமா என்றாள். ஏன் என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது. போன வருஷம் ஹெர்னியா ஆபரேஷன் செய்த இடத்தில், வெளியே தையல் ஆறிவிட்டாலும், துணியோ பட்டையோ இறுக்கிப் பிடித்தால் உள்ளே நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது. சாரத்தைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. மகனிடம் சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி, ஸ்கேன், அவனுக்கு லீவு கிடைக்காத கவலை, வேண்டாம். சந்தியாகுவிடம் மட்டும் சொன்னேன். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் அவன் பேசுகிறபோது அதைப் பக்குவமாகச் சொல்வான், அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்கிற மாதிரி. நானே எழுந்து என் தொடை இடுக்கைப் பற்றிப் பேச முடியுமா.

கூட்டம் சேர்ந்துவிட்டது, சந்தியாகுவைக் காணோம். காபி வாசனை வருகிறது. அவனை முதலில் பார்த்ததும் சாரத்தால்தான். இங்கே வந்த புதிதில், எவனும் எவன் முகத்தையும் பார்க்காத இந்தக் கட்டிடத்தில், லிஃப்ட் வாசலில் ஒருத்தன் ஊதாக் கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் பார்த்தேன், அவன் பார்த்தான். சட்டென்று மடிப்பை இறக்கிவிட்டான். பெரியவர் வந்தால் மடிப்பை இறக்குகிறவன் நம்ம பக்கத்து ஆள்தான், விசாரிக்கவே வேண்டாம். "அண்ணாச்சி தின்னவேலியா?" என்றான். "நீரு?" "தூத்துக்குடி, ஹார்பர்ல கிரேன் ஓட்டுனேன், இங்க மக வீட்டுல." அவ்வளவுதான். அன்றையிலிருந்து தினம் சாயங்காலம் கட்டிடத்தைச் சுற்றி நடை, பிறகு நீரூற்றுத் திண்டு, மீன் விலை, மூட்டு வலி, செத்துப் போனவர்கள் கணக்கு. எல்லாம் பேசியிருக்கிறேன் அவனிடம். பெண்டாட்டியிடம் பேசாததை எல்லாம். அந்த லிஃப்ட் சமாச்சாரத்தைக்கூட. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒரு கையில் பால் பாக்கெட், ஒரு கையில் காய்கறிப் பை, மேலே போய்க்கொண்டிருக்கிறேன், வயிற்றில் முடிச்சு நெகிழ்கிறது, பையைக் கீழே வைப்பதற்குள் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கிறது, கதவு திறக்கிறது, எதிரே ஒரு பெண், கையைப் பிடித்துக்கொண்டு யூனிஃபாரத்தில் ஒரு சின்னப் பிள்ளை. முழங்கையால் முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டேன். பின்பக்கம் போய்விட்டது. உள்ளே நிக்கர் போட்டிருந்தேன், போட்டிருந்தாலும் மானம் மானம்தானே. பின்னாடி கண்ணாடியில் முதுகை ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி நின்றேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்க போங்க அங்கிள், நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றாள். தெரிந்து சொன்னாளா, பை பெரிதாக இருந்ததால் சொன்னாளா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்திருக்குமோ, தெரிந்திருக்காதோ. மறுநாள் சந்தியாகுவிடம் சொன்னேன். அவன் முதலில் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கேட்டான், பிறகு "பல்லி மாதிரியா?" என்றான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்து, இரண்டு கிழவன்கள் திண்டில் சாய்ந்து கிடந்து சிரித்தோம், வெட்கம் எல்லாம் அதோடு போயிற்று. மனுஷனுக்கு மனுஷன் வேண்டும் என்பது இதற்குத்தான். அந்தப் பெண்கூட அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், போன வாரம் லிஃப்டில் வணக்கம் சொன்னாள், அப்போதே முடிவு செய்துகொண்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சந்தியாகு வந்துவிட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு மகளும் மருமகனும், பின்னால் அவன். நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கையைக் காட்டினேன். காட்டின கை பாதியில் நின்றுவிட்டது. யார் இது. முகம் சந்தியாகு முகம். நரைத்த மீசை, சட்டை தெரிந்த சட்டை, கிறிஸ்மஸுக்கு எடுத்தது. கீழே பேண்ட். சாம்பல் நிற பேண்ட், கத்தி மாதிரி மடிப்பு. சந்தியாகு பேண்ட் போட்டிருக்கிறான். ஏதாவது துக்க வீட்டுக்குப் போய்விட்டு வருகிறானா, ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு நேரே வருகிறானோ, ஆனால் கோயிலுக்கு வேட்டியில்தான் போவான், ஈஸ்டருக்கே வேட்டிதான். சாரத்தைப் பையில் கொண்டு வந்திருப்பானோ, என்ன பைத்தியக்கார யோசனை, கையில் பை இல்லை. என்னைப் பார்த்தான். பார்த்தான், கண் தாழ்ந்தது, என் பச்சைச் சாரத்தைப் பார்த்தது, பிறகு எங்கேயோ போய்விட்டது. என் பக்கத்து நாற்காலிக்கு வரவில்லை. சுவர் ஓரமாக மருமகனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தான், அரெஸ்ட் ஆனவனைப் போலீசுக்கு நடுவில் உட்கார வைத்த மாதிரி. நான் துண்டை மறுபடி நாற்காலியில் போட்டேன். ஏன் போட்டேன். இன்னும் வருவான் என்றா. போட்டதை எடுக்கவும் மனம் வரவில்லை, எடுத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அந்த இடம் அவனுக்காக என்று. எவன் சொல்லுதான்னு பாப்போம். தொடையில் தட்டினானே. நேற்றுத் தட்டின தொடையா இது. பரவாயில்லை, பேண்ட் போட்டால் என்ன, வாய் சாரம் கட்டியிருக்கலாம் இல்லையா, மகள் பிடித்த பிடியில் போட்டிருப்பான், பேசுகிறபோது நமக்காகப் பேசுவான், பேண்ட் போட்டுக்கொண்டு சாரத்துக்காகப் பேசினால் அதற்கு மதிப்பு ஜாஸ்தி, அப்படிக்கூட யோசித்துச் செய்திருக்கலாம், கிரேன் ஓட்டினவன், சுற்றி வளைத்துத்தான் சரக்கை இறக்குவான்.

ரகுநந்தன் பேசிக்கொண்டே போகிறார். கட்டிடத்தின் மதிப்பு, வாடகைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், யாரையும் குறிவைத்து இல்லை. யாரையும் குறிவைத்து இல்லையாம், மொத்த ஹாலிலும் சாரம் ஒன்றே ஒன்று, அது என் இடுப்பில். கேட்க நினைத்த கேள்வி தொண்டைக்கு வருகிறது, டவுசர் நியாயம், அதைக் கேட்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும், ஏனோ கால் வரமாட்டேன் என்கிறது, தனியாக எழுந்திருக்க நான் வரவில்லையே, இரண்டு பேராகத்தானே வந்தேன். "பெரியவங்க கருத்தையும் கேட்டுடலாம்" என்கிறார் ரகுநந்தன், "சந்தியாகு சார், நீங்களே லுங்கி கட்டுறவர்தான், நீங்க சொல்லுங்க." சந்தியாகு எழுந்தான். எழுந்தபோது ஒன்று செய்தான், வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கையும் தானாகத் தொடைப் பக்கம் இறங்கி, மடிப்பை இறக்கிவிடுகிற மாதிரி ஒரு விசிறல். அங்கே மடிப்பு ஏது. விரல்கள் பேண்ட் துணியைத் தடவிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சபைக்கு மரியாதை செய்கிறான், சாரக்காரன்தான், உள்ளே சாரக்காரன்தான், பேசுவே, பேசும், என் உடம்பைச் சொல்லும், சொல்லுவே. மைக்கை வாங்கினான். "எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் அதுதான் வசதி, இல்லன்னு சொல்லல. ஆனா வயசாகிப் போச்சுன்னா கை நடுங்கும், முடிச்சு நிக்காது. நம்ம பில்டிங்லயே ஒருத்தருக்கு, லிஃப்டுல, ரெண்டு கையிலயும் சாமான், மூணாம் மாடியில கதவு தெறக்கு, அவுந்து போச்சு. வெளிய ஒரு பொண்ணு, ஒரு சின்னப் புள்ள. பல்லி மாதிரி கண்ணாடில ஒட்டிக்கிட்டு நின்னுருக்காரு." யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். சந்தியாகுவும் கொஞ்சம் சிரித்தான். "பேரு வேண்டாம். அவருக்கும் சங்கடம், பாக்குறவங்களுக்கும் சங்கடம். அதனால நாம மாறிக்கிடுறதுதான் மரியாதை. அவ்வளவுதான்." பேரு வேண்டாம். பேர் எதற்கு. மொத்தக் கூட்டமும் திரும்பி என் இடுப்பைப் பார்க்கிறதே.

பல்லி. அந்தச் சொல்லை எடுத்துவிட்டானே. அதை மட்டுமாவது விட்டிருக்கலாம். அது என் சொல், அழாமல் இருக்க நான் சொன்ன சொல், அதைக் கூட்டத்துக்கு முன்னால் வைத்துச் சிரிப்பு வாங்கிவிட்டான். திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன், மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள், பால் பாக்கெட், பை, கண்ணாடி, ஒவ்வொன்றாகச் சேர்கிறது, சேர்ந்துவிட்டது, கை வாய்க்குப் போயிற்று. அவளுக்கு இதுவரை தெரியவே தெரியாது. இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அவள் வணக்கம் சொன்ன அந்த மனுஷன் இந்த நிமிஷத்தோடு போய்விட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை அவன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான். ஆபரேஷனைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஆகாது, இவ்வளவுதானே, அதற்கு என்ன வாய் வலித்தா போகும். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், தன் கதை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், எனக்கு ஆச்சு என்று சொன்னால் அவன் மீசை கொட்டியா போகும். துரோகம் என்றால் கத்தி, விஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்படிச் சாம்பல் பேண்ட் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வரும் என்று தெரியாது. "எதிர்க்கறவங்க கை தூக்கலாம்" என்று ரகுநந்தன் சொல்வது எங்கேயோ கேட்கிறது. தூக்கினேன். எழுந்து பேசக் கால் வராவிட்டாலும் கை வந்தது. ஹாலில் ஒரே ஒரு கை, என் கை, கக்கத்தில் வியர்வையோடு, இந்தக் குளிரில் எங்கிருந்து வந்ததோ. சுவரோரம் பார்த்தேன். சந்தியாகு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆதரிக்கறவங்க." கைகள் எழுந்தன. மருமகன் கை, மகள் கை. நடுவில் கொஞ்ச நேரம் பள்ளமாக இருந்தது. பிறகு சந்தியாகுவின் கையும் எழுந்தது. அரைகுறையாக, தோள் வரைக்கும்தான், ஆனால் எழுந்தது.

முடிந்தது, எல்லாரும் காபிக்குப் போகிறார்கள். போகட்டும், கூட்டம் குறையட்டும், பிறகு எழுந்திருப்போம் என்று உட்கார்ந்திருந்தேன், துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். எழுந்தபோது முடிச்சு வழுக்கிவிட்டது. புதுச் சாரம், கஞ்சி போகவில்லை, இத்தனை நேரம் உட்கார்ந்ததில் தளர்ந்திருக்கிறது. இன்றைக்கா, இங்கேயா. கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறேன், அவிழ்த்து உதறிக் கட்டாமல் ஒரு அடி வைக்க முடியாது, அந்தப் பக்கம் காபி டம்ளரோடு பாதி ஜனம். பார்க்கட்டும் என்று காலையில் இருந்த வீரம் எங்கே போயிற்று. அப்போது சந்தியாகு வந்தான். சுவரோரத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறான், வேகமாக வந்தான், எனக்கு முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கைகளை அகட்டி நின்றான். ஆற்றங்கரையில், கல்யாண மண்டபத்தில், ஒருத்தன் சாரம் மாற்றும்போது இன்னொருத்தன் நிற்பானே, அந்த நிற்பு. "கட்டுங்க அண்ணாச்சி, நான் நிக்கேன்." கட்டினேன். வேறு என்ன செய்ய. தள்ளிப் போவே என்று சொல்ல நாக்கு துடித்தது, சொன்னால் சாரம் போகும். "ராத்திரி வீட்டுல பெரிய சத்தம் அண்ணாச்சி" என்றான் முதுகைத் திருப்பாமல். "மாப்ள மைக்க வாங்கிப் பேசியே ஆவணும்னுட்டான். அந்தக் கதையயும் சொல்லச் சொன்னான், நான்தான் என்னைக்கோ வீட்டுல சொல்லித் தொலச்சேன். ஒங்களுக்கு அது மகன் வீடு. எனக்கு மருமகன் வீடு." வீட்டில் வேறு சொல்லியிருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருப்பான், பல்லி மாதிரியாம் என்று, எல்லாரும் சிரித்திருப்பார்கள். மகன் வீடு, மருமகன் வீடு, உண்மையாகக்கூட இருக்கலாம், உண்மை என்பதால் ஆறிவிடுமா, நேற்று அந்தத் திண்டில் ஒரு வார்த்தை, "அண்ணாச்சி, என்னால முடியாது" என்று சொல்லியிருந்தால் நான் தனியாகவே வந்திருப்பேன், துண்டு போட்டிருக்க மாட்டேன். வலது நுனியை இழுத்து இடது பக்கம் செருகினேன், சுருட்டினேன், இறுக்கினேன். குனிந்து கீழ்க் கரையைச் சரி செய்யும்போதுதான் பார்த்தேன். அவன் பேண்டின் பின்பக்கம், தொடையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும், புதுப் பேண்டில் இடுப்பளவு போட்டுக் கடையில் ஒட்டுகிற அந்த நீளக் கண்ணாடி ஸ்டிக்கர், கிழிக்காமல் அப்படியே, 34 34 34 34 என்று மேலிருந்து கீழே. போட்டவனுக்குத் தெரியாது, வாங்கிக் கொடுத்தவனும் பார்க்கவில்லை. இதுவரை சுவருக்குத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி நடு ஹாலைத் தாண்டிக் காபி மேஜைக்குப் போக வேண்டும். கையை நீட்டினால் போதும், ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். கை போகக்கூடச் செய்தது. "கட்டியாச்சா அண்ணாச்சி?" என்றான். "ஆச்சு" என்றேன், நீட்டின கையை இழுத்துக்கொண்டு. "சாயந்தரம் வருவீங்களா?" என்று கேட்டான், திரும்பாமலே. "நீரு முன்னால போம்வே" என்றேன். அவன் போனான், நிமிர்ந்து, அத்தனை பேருக்கும் நடுவில்.